தானாகத் தணியும் நோய், பெயர் வாங்கும் மருந்து: எம்.எஸ். பற்றிய தவறான எண்ணங்கள்

ஒரு கண் மங்குகிறது. சில நாளில் கால் மரத்துப்போகிறது. பலதுறை மருந்தகத்திலிருந்து நரம்பியல் நிபுணரிடம் அனுப்பி, எம்.ஆர்.ஐ எடுத்துப் பார்த்தபின் மருத்துவர் சொல்லும் பெயர் ‘மல்ட்டிபிள் ஸ்கிளிரோசிஸ்’, சுருக்கமாக எம்.எஸ். சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலோர் அப்போதுதான் அந்தப் பெயரை முதன்முறையாகக் கேட்கிறார்கள். பூமத்திய ரேகையிலிருந்து விலகிச் செல்லச் செல்ல இந்த நோய் கூடும். ஐரோப்பாவிலும் கனடாவிலும் பரவலாக இருப்பது இங்கே அரிது. அக்கம்பக்கத்தில் இந்த நோயோடு வாழும் ஒருவரைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வாய்ப்பில்லாததால், அந்த இடத்தை வாட்ஸ்அப் செய்திகள் நிரப்பிவிடுகின்றன. சூரணம், தேனீக் கொட்டு, கழுத்து இரத்தக்குழாய் விரிப்பு, ஸ்டெம் செல் ஊசி என்று ஒரே வாரத்தில் பத்து ஆலோசனைகள் வந்து சேரும். அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் அன்பால்தான் அனுப்புகிறார்கள். அதனாலேயே மறுத்துப் பேசுவதும் கடினமாகிறது.

அவற்றில் எது உதவும், எது கெடுக்கும் என்று பிரித்துப் பார்க்க, முதலில் நோயின் போக்கு புரிய வேண்டும்.

நோய் என்ன செய்கிறது

மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு ஆகியவற்றில் உள்ள நரம்பு இழைகளைச் சுற்றி மயலின் என்ற கொழுப்பு உறை இருக்கிறது. மின்கம்பியின் மேலுறை போன்றது அது. நரம்புச் செய்திகள் வேகமாகவும் சிதறாமலும் செல்ல அந்த உறை தேவை. எம்.எஸ். நோயில், கிருமிகளோடு போராட வேண்டிய நம் உடலின் எதிர்ப்பு அணுக்களே மயலினைத் தாக்குகின்றன. தாக்கிய இடத்தில் வீக்கமும் பிறகு தழும்பும் உண்டாகின்றன. ‘ஸ்கிளிரோசிஸ்’ என்றால் கெட்டிப்படுதல். ‘மல்ட்டிபிள்’ என்றால் பல இடங்களில். பாரிஸில் ழான் மார்ட்டின் ஷார்கோ 1868இல் இதைத் தனி நோயாக விளக்கினார்.

இன்று உலகெங்கும் 28 லட்சம் பேருக்கு மேல் இந்த நோய் இருக்கிறது. பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்கும். ஆண்களைவிடப் பெண்களிடம் இரண்டு மூன்று மடங்கு அதிகம். எப்ஸ்டீன் பார் என்ற பரவலான வைரஸுக்கு இதில் பெரும் பங்கு உண்டு என்பதற்கு 2022இல் வலுவான சான்று கிடைத்தது. அமெரிக்க ராணுவத்தினர் ஒரு கோடிப் பேரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்ததில், அந்த வைரஸ் தொற்றியபின் எம்.எஸ். வரும் வாய்ப்பு 32 மடங்கு கூடியது தெரிந்தது. ஆனால் பெரியவர்களில் ஏறக்குறைய எல்லோருக்குள்ளும் அந்த வைரஸ் இருக்கிறது. நோய் வருவது மிகச் சிலருக்கே. வைரஸ் மட்டும் போதாது, வேறு காரணங்களும் சேர வேண்டும்.

இரண்டு சொற்களை இங்கேயே தெளிவாக்கிக்கொள்வோம். புதிய அறிகுறிகள் சில நாள்களில் கிளம்பி, சில வாரங்கள் நீடிப்பது ‘தாக்குதல்’. அதன்பின் வீக்கம் வடிந்து, அறிகுறிகள் முழுமையாகவோ பாதியாகவோ குறைவது ‘தணிவு’. நோயாளிகளில் சுமார் 85 விழுக்காட்டினருக்கு நோய் இப்படி வந்து தணிந்து, மீண்டும் வரும் வகையில்தான் தொடங்குகிறது.

கதைகள் ஏன் உண்மைபோல் தோன்றுகின்றன

மாற்று மருத்துவத்தால் குணமானேன் என்று சொல்கிறவர்கள் பொய் சொல்வதில்லை. அவர்கள் கண்டது உண்மை. அதற்குச் சொல்லும் காரணம்தான் தவறுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு. முப்பது வயதுப் பெண் ஒருவருக்கு மார்ச் முதல் வாரத்தில் வலக்கண் பார்வை மங்குகிறது. கண்ணை அசைத்தால் வலிக்கிறது. சிவப்பு நிறம் வெளிறித் தெரிகிறது. மூன்றாம் வாரத்தில், மிக மோசமான நிலையில், வீட்டார் பதறிப்போய் ஊரிலிருந்து ஒரு லேகியம் வரவழைக்கிறார்கள். ஏப்ரல் கடைசியில் பார்வை ஏறக்குறையத் திரும்பிவிடுகிறது. லேகியம் வேலை செய்துவிட்டது என்று குடும்பமே நம்புகிறது. ஆனால் பார்வை நரம்பு அழற்சி பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே தேறத் தொடங்கும். லேகியம் வராவிட்டாலும் ஏப்ரலில் அவர் கண் தெளிந்திருக்க வாய்ப்பு மிக அதிகம். நோய் உச்சத்தில் இருக்கும்போதுதான் மனிதர்கள் புது மருந்து தேடுகிறார்கள். உச்சத்துக்குப் பிறகு வருவது இறக்கம்தான். அந்த நேரத்தில் கையில் இருந்தது எதுவோ, அது பெயர் வாங்கிக்கொள்கிறது.

அதோடு இன்னொன்றும் உண்டு. தணிவுக் காலத்தில் நோய் உறங்குவதில்லை. வெளியே தெரியும் ஒரு தாக்குதலுக்கு, அறிகுறியே காட்டாத ஐந்து முதல் பத்துப் புதிய தழும்புகள் எம்.ஆர்.ஐயில் தென்படலாம். ‘நன்றாக இருக்கிறேன்’ என்று ஒருவர் சொல்லும் மாதங்களிலும் சேதம் தொடரக்கூடும். உடல் சொல்வதை மட்டும் நம்பி இந்த நோயில் மருந்தை எடைபோட முடியாது.

இதனால்தான் ஒப்பீட்டுச் சோதனை தேவைப்படுகிறது. ஒரு குழுவுக்கு உண்மையான மருந்து, இன்னொரு குழுவுக்கு மருந்தில்லாத மாத்திரையோ ஊசியோ. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மதிப்பிடுபவருக்கும் தெரியாது. 1993இல் வெளிவந்த முதல் நோய்க்கட்டுப்பாட்டு மருந்தான இன்டர்ஃபெரான் பீட்டா-1பி இப்படித்தான் சோதிக்கப்பட்டது. ஊசியில் மருந்தே இல்லாத குழுவுக்கு ஆண்டுக்குச் சராசரி 1.27 தாக்குதல், முழு அளவு மருந்து பெற்ற குழுவுக்கு 0.84. ஒரு தனி மனிதரின் கதையில் இந்த இடைவெளி ஒருபோதும் கண்ணில் படாது. நூற்றுக்கணக்கானோரை அருகருகே வைத்தால்தான் தெரியும். அதன்பின் வந்த மருந்துகள் பல, இன்னும் வலுவானவை.

அடிக்கடி கேட்கும் தவறான எண்ணங்கள்

1. ‘எதிர்ப்புச் சக்தியைக் கூட்டினால் நோய் போகும்’

பட்டியலில் இதை முதலில் வைப்பதற்குக் காரணம், கேட்க மிக நியாயமாகத் தோன்றுவதுதான். நோய் என்றாலே எதிர்ப்புச் சக்தி குறைவு என்பது நம் பழக்கமான எண்ணம். எம்.எஸ். நோயில் எதிர்ப்புச் சக்தி குறையவில்லை. தவறான இலக்கைத் தாக்குகிறது. வீட்டுக்காரரையே திருடனென்று அடிக்கும் காவலாளிக்கு இன்னும் பெரிய தடி வாங்கிக் கொடுத்தால் என்ன ஆகும்?

இது வெறும் உவமையில்லை. 1987இல் வெளிவந்த ஆய்வொன்றில், எதிர்ப்பு அணுக்களைத் தூண்டும் காமா இன்டர்ஃபெரானை 18 எம்.எஸ். நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சிகிச்சை நடந்தபோதே ஏழு பேருக்குப் புதிய தாக்குதல் வந்தது. சோதனை கைவிடப்பட்டது. பெயரில் ஒற்றுமை இருந்தாலும் மேலே சொன்ன பீட்டா வகை வேறு. அது அழற்சியை அடக்குகிறது.

தேக்கா பக்கம் உள்ள நாட்டு மருந்துக் கடை அலமாரிகளில் சீந்தில் பொடி, அமுக்கராச் சூரணம், பல மூலிகைகள் கலந்த ‘இம்யூனிட்டி’ பொட்டலங்கள் வரிசையாக இருக்கும். மருந்தகச் சங்கிலிக் கடைகளில் எக்கினேசியா என்ற மேற்கத்திய மூலிகை. சீந்திலும் எக்கினேசியாவும் எதிர்ப்பு அணுக்களைத் தூண்டும் இயல்புள்ளவை என்று ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. சளிக்காக ஒருவர் நாலு நாள் குடிப்பது வேறு, எம்.எஸ். உள்ளவர் அதையே மருந்தென்று மாதக்கணக்கில் எடுப்பது வேறு.

2. ‘இது நரம்புத் தளர்ச்சிதான், நரம்பு மாத்திரை போதும்’

‘நரம்புத் தளர்ச்சி’ என்ற சொல் நம்மிடையே கை நடுக்கம், களைப்பு, மரத்துப்போதல், மனச்சோர்வு எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறது. மருத்துவத்தில் அப்படி ஒரு நோய் இல்லை. அந்தச் சொல்லே நோயறிதலைத் தள்ளிப்போடுகிறது.

பி12 குறைபாடு தண்டுவடத்தைப் பாதித்து, எம்.எஸ். போலவே தோன்றும் என்பது உண்மை. சைவ உணவுக்காரர்களிடம் அந்தக் குறைபாடு கூடுதல். ஆகவே இரத்தப் பரிசோதனையில் அதைப் பார்ப்பார்கள். குறைவாக இருந்தால் ஈடுசெய்வார்கள். அளவு சரியாக இருக்கும் ஒருவருக்கு மேலும் பி வைட்டமின் கொடுப்பதால் மயலின் மீது நடக்கும் தாக்குதல் நிற்காது. இன்னும் கவனிக்க வேண்டியது பி6. அதை அதிக அளவில் நீண்ட காலம் எடுத்தால் கை கால் நரம்புகள் பாதிக்கப்பட்டு, மரத்துப்போதல் உண்டாகும். குணப்படுத்த எடுத்த மாத்திரையே அதே அறிகுறியைத் தர, நோய் முற்றிவிட்டதாக எண்ணி இன்னொரு மாத்திரை கூட்டும் சுழலில் சிக்க நேரிடும்.

சரியான பெயர் தெரிவது வேறொரு காரணத்துக்காகவும் முக்கியம். ஆசியர்களிடையே, பார்வை நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் ‘நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா’ என்ற நோய் எம்.எஸ். என்றே முன்பு எண்ணப்பட்டது. 2004இல் அதற்கே உரிய எதிர்ப்பொருள் இரத்தத்தில் கண்டறியப்பட்டபின் இரண்டும் பிரிந்தன. சில எம்.எஸ். மருந்துகள் அந்த நோயை மோசமாக்கும். மருத்துவர்களே இவ்வளவு நுணுக்கமாகப் பிரித்துப் பார்க்கும் இடத்தில், நாடி பிடித்து ‘வாதம்’ என்று ஒரே சொல்லில் முடிப்பது நோயாளிக்குச் செய்யும் நியாயம் ஆகாது.

3. ‘இயற்கையானது, கெடுதல் செய்யாது’

சூரணம் செடியிலிருந்து வந்தாலும் அதைக் கழிக்க வேண்டியது கல்லீரல்தான். 2020-21இல் மும்பையில் சீந்தில் சாறு குடித்த சிலருக்கு, உடலே தன் கல்லீரலைத் தாக்கும் வகை அழற்சி ஏற்பட்டதை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். அமுக்கராவுக்கும் மஞ்சள் கிழங்கு மாத்திரைகளுக்கும் அப்படிப்பட்ட பதிவுகள் உண்டு. எம்.எஸ். மருந்துகளில் இன்டர்ஃபெரான், டெரிஃப்லுனோமைட் போன்றவை கல்லீரலைப் பாதிக்கக்கூடியவை. அதனால்தான் அவ்வப்போது இரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். இரண்டும் சேர்ந்தால், எது பாதித்தது என்றே சொல்ல முடியாமல் நல்ல மருந்தை நிறுத்த வேண்டி வரலாம்.

ரச மருந்து, பஸ்பம், செந்தூரம் ஆகியவற்றில் பாதரசமும் ஈயமும் இருப்பது தனிக் கவலை. தெற்காசியாவில் தயாராகி அமெரிக்காவின் பாஸ்டன் கடைகளில் விற்கப்பட்ட 70 ஆயுர்வேதப் பொருள்களைச் சோதித்து 2004இல் வெளிவந்த ஆய்வில், 14இல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றுள் ஒன்றாவது இருந்தது. ஈயம் நரம்புகளைப் பலவீனமாக்கும். பாதரசம் நடுக்கம் தரும். எம்.எஸ். உள்ளவருக்கு அவை வந்தால் யாரும் மருந்தைச் சந்தேகிக்க மாட்டார்கள்.

‘சிங்கப்பூரில் விற்கிறார்கள் என்றால் அரசாங்கம் பார்த்துத்தானே விட்டிருக்கும்’ என்பது பரவலான நம்பிக்கை. இங்கே சட்டம் மூன்று விதமாகப் பிரிக்கிறது. நவீன மருந்துகள் சுகாதார அறிவியல் ஆணையத்தின் மதிப்பீட்டைத் தாண்டி வர வேண்டும். தயாரித்த சீன மருந்துகள் ஆணையத்தின் பட்டியலில் இடம்பெற வேண்டும். இந்திய, மலாய் மரபு மருந்துகளும் ஊட்டச்சத்து மாத்திரைகளும் விற்பனைக்கு முன் ஆணையத்தின் ஒப்புதல் பெறத் தேவையில்லை. அவற்றின் பாதுகாப்பு விற்பவரின் பொறுப்பு. நச்சு உலோகமோ கலப்படமோ தெரியவந்தால் ஆணையம் நடவடிக்கை எடுத்து எச்சரிக்கும். மருத்துவர் விஷயத்திலும் இதே வேறுபாடு: சீன மருத்துவர்கள் 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும், சித்த, ஆயுர்வேத மருத்துவர்களுக்கு அப்படிச் சட்டப் பதிவு இங்கே இல்லை.

4. ‘வேது பிடித்ததும் அறிகுறி கூடியது, நோய் வெளியேறுகிறது’

உடல் வெப்பம் அரை டிகிரி உயர்ந்தாலே, மயலின் இழந்த நரம்பில் செய்தி தடைபடும். பார்வை மங்கும், கால் பின்னும். ஜெர்மானியக் கண் மருத்துவர் ஊட்ஹாஃப் இதை 1890இல் விவரித்தார். நண்பகலில் பேருந்து நிறுத்தத்தில் பத்து நிமிடம் நின்று, கால் தள்ளாட ஏறி, குளிரூட்டப்பட்ட பேருந்தில் இரண்டு நிறுத்தம் கடப்பதற்குள் சரியாகிவிடுவதை இங்குள்ள நோயாளிகள் நன்றாக அறிவார்கள். நீராவி அறையிலும் சூடான எண்ணெய்க் குளியலிலும் நடப்பது அதேதான். அதில் கழிவு எதுவும் வெளியேறவில்லை; வெப்பம் தணிந்ததும் அறிகுறியும் தணிகிறது. புதிய சேதமும் இல்லை. ஆனால் ஈரத் தரையில், கால் ஒத்துழைக்காத அந்த நிமிடத்தில் விழுந்து எலும்பு முறிந்தால், அது தற்காலிகமாக இருக்காது.

5. ‘கழுத்து இரத்தக்குழாயை விரித்தால் குணமாகும்’

மாற்றுச் சிகிச்சைகளில் நியாயமான விசாரணை முழுமையாகப் பெற்றது இது. இத்தாலியின் ஃபெராரா பல்கலைக்கழக மருத்துவர் பாவ்லோ சம்போனியின் மனைவிக்கு எம்.எஸ். இருந்தது. கழுத்துச் சிரைகள் சுருங்கி, மூளையிலிருந்து இரத்தம் சரியாக வடியாததே நோய்க்குக் காரணம் என்று 2009இல் அவர் முன்வைத்தார். சிரைக்குள் பலூன் செலுத்தி விரித்தால் போதும் என்றார். ‘விடுதலைச் சிகிச்சை’ என்ற பெயர் பரவியது. கனடாவிலிருந்து ஆயிரக்கணக்கானோர் போலந்து, மெக்சிகோ, இந்தியா என்று பறந்தார்கள். 2012இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், இதனால் பக்கவாதம், இரத்தக்குழாய்ச் சேதம், மரணம் வரை நேர்ந்ததாக எச்சரித்தது.

கனடாவில் 104 பேரிடம் நடந்து 2017இல் முடிவு தெரிந்த சோதனையில், உண்மையில் விரித்தவர்களுக்கும் விரித்ததுபோல் நடித்து அனுப்பியவர்களுக்கும் வேறுபாடு இல்லை. அதே ஆண்டு சம்போனி தாமே தலைமையேற்று நடத்திய சோதனையும் பயனில்லை என்றே முடிந்தது. தம் கருத்துக்கு எதிரான முடிவை அவர் வெளியிட்டது மதிக்கத்தக்கது. ஆனால் பழைய காணொளிகள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அந்த முடிவு அவற்றைப் பார்ப்பவர்களை எட்டவில்லை.

6. ‘தேனீ விஷம் அழற்சியை அடக்கும்’

நெதர்லாந்தில் 26 பேரிடம் 24 வாரம் தேனீக் கொட்டவைத்துச் சோதித்து 2005இல் வெளியிட்டார்கள். தழும்பும் குறையவில்லை, களைப்பும் குறையவில்லை, இயலாமையும் குறையவில்லை. தேனீ விஷ ஒவ்வாமை உயிருக்கே ஆபத்தாகலாம்.

7. ‘அதிக அளவு வைட்டமின் என்றால் அதிகப் பலன்’

பி வகை வைட்டமினான பயோட்டின் ஒரு நல்ல பாடம். நாளுக்கு 300 மில்லிகிராம், அதாவது சாதாரணத் தேவையைப்போல் 10,000 மடங்கு கொடுத்த முதல் சோதனை நம்பிக்கை தந்தது. 642 பேரிடம் நடந்து 2020இல் வெளிவந்த பெரிய சோதனையில் அந்த நம்பிக்கை கலைந்தது. அதிக பயோட்டின், தைராய்டு முதல் மாரடைப்பைக் காட்டும் டிரோபோனின் வரை பல இரத்தப் பரிசோதனை முடிவுகளைப் பொய்யாக்கும். தலைமுடிக்காக எடுக்கும் மாத்திரையாக இருந்தாலும் இரத்தம் எடுக்குமுன் சொல்லிவிட வேண்டும்.

வைட்டமின் டி விவகாரம் அவ்வளவு எளிதாக முடியவில்லை. வழக்கமான மருந்தோடு சேர்த்து அதிக அளவு கொடுத்தபோது கூடுதல் பயன் இல்லை என்று 2023இல் ஒரு சோதனை சொன்னது. முதல் அறிகுறி தோன்றியவுடனே, வேறு மருந்தில்லாமல், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு லட்சம் யூனிட் கொடுத்த பிரெஞ்சுச் சோதனையில் 2025இல் பயன் தெரிந்தது: நோய்ச் செயல்பாடு 74 விழுக்காட்டினருக்குப் பதில் 60 விழுக்காட்டினரிடம் காணப்பட்டது. குறைவாக இருப்பவர் ஈடுசெய்வது நல்லது. வெயில் நாட்டில் வாழ்ந்தும், நாள் முழுதும் அலுவலகத்துக்குள் இருக்கும் கறுத்த தோலினருக்குக் குறைவு சாதாரணம். ஆனால் மருத்துவக் கண்காணிப்பில்லாமல் தினமும் பல்லாயிரம் யூனிட் எடுத்தால் இரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் கெடும்.

8. ‘ஸ்டெம் செல் ஊசி நரம்பைப் புதுப்பிக்கும்’

ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு காரியங்கள் நடக்கின்றன. மருத்துவமனையில் செய்யும் இரத்த ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சையில், கீமோதெரபியால் தவறிழைக்கும் எதிர்ப்பு அணுக்களை அழித்து, நோயாளியின் சொந்தச் செல்களால் புதிதாக வளர்க்கிறார்கள். 110 பேரிடம் நடந்து 2019இல் வெளிவந்த சோதனையில், கடுமையான, தாக்குதல் வகை நோயில் அது மருந்துகளைவிட நன்றாகச் செயல்பட்டது. ஆபத்தும் பெரிது. வெளிநாட்டுத் தனியார் கிளினிக்குகள் ஒரு நாளில் ஏற்றி அனுப்பும் கொழுப்பு அல்லது தொப்புள்கொடி ஊசிக்கும் இதற்கும் தொடர்பில்லை. மேலே சொன்ன ஆய்வின் பெயரைச் சொல்லித்தான் அவை விற்கப்படுகின்றன. சிங்கப்பூரில் செல் சிகிச்சைப் பொருள்கள் 2021 மார்ச் 1 முதல் சுகாதாரப் பொருள்கள் சட்டத்தின்கீழ் கட்டுப்படுத்தப்படுகின்றன.

9. ‘வெளிநாட்டில் கஞ்சா எண்ணெய் மருந்தாயிற்றே’

சில நாடுகளில் எம்.எஸ். தசை இறுக்கத்துக்குக் கஞ்சாச் சாற்றிலிருந்து செய்த வாய்த் தெளிப்பான் ஒன்று மருத்துவரின் சீட்டின்பேரில் தரப்படுகிறது. அது இறுக்கத்தைத் தளர்த்துகிறது. நோயின் போக்கை மாற்றுவதில்லை. சிங்கப்பூரில் கஞ்சா ‘ஏ’ பிரிவுப் போதைப்பொருள். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் உட்கொண்டாலும் இங்கே குற்றம். உறவினர் அன்போடு வாங்கி வரும் சிறு புட்டி அவரையே சிறையில் தள்ளலாம். தசை இறுக்கத்துக்குச் சட்டப்படியான மருந்துகள் இங்கே உண்டு, பாக்லோஃபென் ஒன்று.

உதவும் பக்கம்

யோகாவுக்குச் சான்று உண்டு. 69 பேரிடம் ஆறு மாதம் நடத்தி 2004இல் வெளிவந்த சோதனையில், யோகா செய்தவர்களுக்கும் உடற்பயிற்சி செய்தவர்களுக்கும் களைப்பு குறைந்தது. களைப்புதான் பலரை வேலையிலிருந்து விலகவைக்கும் அறிகுறி என்பதால் இது சிறிய பயன் இல்லை. காலை நேரத்தில், மின்விசிறிக்குக் கீழே செய்வது நல்லது. பிராணாயாமம், பதிவு பெற்ற மருத்துவரிடம் அக்குபங்சர், சூடில்லாத எண்ணெயால் மெல்லிய பிடித்துவிடல் ஆகியவை மனத்துக்கும் வலிக்கும் ஆறுதல் தந்தால் தாராளமாகத் தொடரலாம். புகைபிடிப்பதை விடுவது இவை எல்லாவற்றையும்விடப் பெரிய உதவி. புகைப்பவர்களிடம் இயலாமை வேகமாக வளர்கிறது.

மருந்தை நிறுத்தும் முடிவு

மேலே சொன்னவற்றில் சில, பணத்தை மட்டும் வீணாக்கும். ‘ஆங்கில மருந்தை மூன்று மாதம் நிறுத்திவிட்டு வாருங்கள்’ என்ற நிபந்தனை அப்படியில்லை. ஃபிங்கோலிமோட் என்ற எம்.எஸ். மருந்தை நிறுத்தியபின் சிலருக்கு நோய், மருந்து தொடங்குமுன் இருந்ததைவிடக் கடுமையாகத் திரும்பியதாக 2018இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது. நாட்டலிசுமாப் மருந்திலும் இந்த மீளெழுச்சி தெரிந்ததே. இழந்த நடை சிலருக்குத் திரும்பவே இல்லை. மருந்தை மாற்றவோ நிறுத்தவோ வேண்டுமானால், எந்த வரிசையில், எத்தனை வார இடைவெளியில் என்பதை நரம்பியல் நிபுணர் திட்டமிட வேண்டும். செலவுதான் காரணம் என்றால் அதையும் வாய்விட்டுச் சொல்லலாம். அரசாங்க மருத்துவமனைகளில் இதற்கென்றே மருத்துவச் சமூக ஊழியர்கள் இருக்கிறார்கள்.

நாட்டு மருந்து எடுப்பதை மருத்துவரிடம் மறைப்பது பல வீடுகளில் வழக்கம். திட்டுவார் என்ற பயம். அடுத்த முறை போகும்போது புட்டியையும் பொட்டலத்தையும் அப்படியே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். பெயர்ச் சீட்டு தமிழிலோ சீனத்திலோ இருந்தாலும் பரவாயில்லை. மருத்துவமனை மருந்தாளர் பார்த்துக் கேட்பார். ஒரு தாளில் மூன்று தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: கடைசித் தாக்குதல் தொடங்கிய நாள், சூரணம் தொடங்கிய நாள், கடைசி எம்.ஆர்.ஐ எடுத்த நாள். அடுத்த எம்.ஆர்.ஐ படத்தைப் பழைய படத்துக்குப் பக்கத்தில் வைக்கும்போது, புதிய தழும்பு வந்திருக்கிறதா என்று மருத்துவரோடு சேர்ந்து நீங்களும் திரையில் பார்க்கலாம்.